இரண்டாவது வளைவில் ஒரு முனகல்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், எங்கள் 'பழைய பார்க் ரசிகர் பேரவை'யைத் தொடங்கியதுதான். பேரவையின் செயலாளர் நான் என்பதால் இதைத் தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். தலைவரும் இதையேதான் சொல்கிறார்.

எங்கள் ஊரில் கேளிக்கைப் பூங்காக்கள் இரண்டு. புதுப் பார்க்குக்கு ஊரே போகிறது. அங்கே எல்லாம் வேலை செய்கிறது. விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, ராட்டினம் சுற்றுகிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் மின்விசிறிகூடத்தான் சுற்றுகிறது.

பழைய பார்க் அப்படியல்ல. அங்கே பேய் வீட்டில் பல்புகள் எல்லாம் ஃப்யூஸ் ஆகிவிட்டதால் பேய்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அசல் பேய்க்கு அதுதானே அழகு? நீர்ச்சறுக்கில் நீர் கிடையாது. உட்கார்ந்து, கையை ஊன்றி, தேய்த்துத் தேய்த்து உழைத்து இறங்க வேண்டும். மோதல் கார்களில் ஒன்றுதான் ஓடும். எனவே இதுவரை அங்கே மோதலே நடந்ததில்லை. இப்படிப்பட்ட இடத்தை ஊர் 'ஓட்டை பார்க்' என்கிறது. உள்ளே போகிறவர்கள் பேரவை உறுப்பினர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு ரசனை போதாது, பாவம்.

எங்கள் தலைவர் பல் டாக்டர். ஞாயிறு காலைகளில் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில்தான் பேரவை கூடும். ஆள் குறைந்தால், கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும் நோயாளிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். வாயைத் திறக்க முடியாதவர்கள் என்பதால் அவர்கள் எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்ததில்லை. ஜனநாயகத்துக்கு அவர்கள் ஆற்றியிருக்கும் தொண்டு கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைய விவாதப் பொருள்: 'நமது ரோலர் கோஸ்டரின் பெருமைக்குக் காரணம் அது நிற்பதா, தள்ளப்படுவதா?'

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ரோலர் கோஸ்டர் கடகடவென்று உச்சிக்கு ஏறி, இரண்டாவது வளைவில் நின்றுவிடும். எப்போதும் நிற்கும், இந்த விஷயத்தில் அது யாரையும் ஏமாற்றியதே இல்லை. உடனே ஒரு ஊழியர் பக்கத்து இரும்புப் படிகளில் ஏறி வந்து, பெட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தள்ளுவார். ரயில் மறுபடியும் சரியும்.

டியூஷன் டீச்சர் எழுந்தார். "நிக்கிறதுதான் சார் சிறப்பு! புதுப் பார்க்ல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிடுது. இங்க உச்சியில நின்னு ஊரையே பாக்கலாம். போன வாரம் பரீட்சைப் பேப்பர் பூரா அங்கயே உக்காந்து திருத்திட்டேன்!"

"நின்னுக்கிட்டே இருந்தா அது ரயில் இல்ல டீச்சர், பால்கனி" என்றார் தலைவர். "ஒரு மனுஷன் வந்து முதுகைக் குடுத்துத் தள்ளுறாரே, அந்தப் பாசம் எந்த மெஷின்ல கிடைக்கும்?"

"நின்னாத்தானே தள்ள முடியும்? ஓடுறதை யாராவது தள்ளுவாங்களா?"

"தள்ளலேன்னா நீங்க இன்னும் அங்கதான் இருப்பீங்க!"

"இருக்கேன்! எனக்கென்ன, இன்னும் பேப்பர் பாக்கி இருக்கு!"

ஒரு நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதை இரண்டு தரப்பும் தங்களுக்கான ஆதரவாக எடுத்துக்கொண்டன.

இந்தக் கட்டத்தில் நான் ஓர் 'அவசரப் பொருளை' முன்வைத்தேன். உண்மையில் அதை முன்வைத்தது என் மனைவி. வளைவில் தள்ளும் அந்த ஊழியர் அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன். காலையில் நான் சட்டை மாட்டும்போதே பிடித்துக்கொண்டாள். "தள்ளுறது சிறப்பா, நிக்கிறது சிறப்பான்னு அங்க போய்ப் பேசுறீங்க. தள்ளுறவன் நிக்க முடியாம கிடக்கான், அது தெரியுதா? இப்படியே தள்ளினா படுத்த படுக்கைதான்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்கு ஒரு புகார் குடுத்துட்டு வாங்க. இல்லேன்னா வீட்டுக்கே வராதீங்க."

நானே போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் பேரவையின் அனுமதி இல்லாமல் செயலாளரே புகார் கொடுத்தால், செயலாளர் பதவி என்ன ஆவது? ஆகவே மச்சினனையே கூட்டத்துக்கு அழைத்து வந்திருந்தேன். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். நாற்காலியில் உட்கார முடியாது என்றான். தலைவர் பெரிய மனது வைத்து, அவனை உள்ளே அழைத்துப் போய்ப் பல் பார்க்கும் நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார். பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு சொத்தையையும் கண்டுபிடித்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டோம்.

"ஒண்ணும் பெரிய வேலை இல்லைங்க" என்றான் மச்சினன். "வளைவுல ஒரு மோட்டார் இருக்கு. அதோட பெல்ட் தேஞ்சு போச்சு. புது பெல்ட் ஸ்டோர் ரூம்ல பிரிக்காம கிடக்கு."

"அப்ப எடுத்து மாட்ட வேண்டியதுதானே?"

"நாங்க சொன்னா நிர்வாகம் கேக்காதுங்க. ஊழியர் சொன்னா அது 'குறை'. பார்வையாளர் சொன்னாத்தான் 'புகார்'. புகாருக்குத்தான் நடவடிக்கை. அங்க வர்ற பார்வையாளர் நீங்க மட்டும்தான். நீங்க இதுவரைக்கும் ஒரு புகாரும் குடுத்ததில்ல. ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்."

பிறகு டீச்சர் மெல்லக் கேட்டார்: "பெல்ட் மாட்டினா ரயில் நிக்காதா?"

"நிக்காதுங்க."

"ஐயையோ!" என்றார் டீச்சர்.

"தள்ளவும் வேண்டாமா?" என்றார் தலைவர்.

"வேண்டாங்க."

"அப்புறம் நாங்க எதைப் பத்தி விவாதிக்கிறது?"

பேரவையின் வரலாற்றில் முதல்முறையாக இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்தன. ஆனாலும் நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். புகார் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். பார்க்கின் பெருமைக்குப் பங்கம் வராத புகாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'ரயில் நிற்கிறது' என்று நான் ஆரம்பித்தேன். அது பெருமை, புகார் ஆகாது என்றார் டீச்சர். 'தள்ள வேண்டியிருக்கிறது' என்றேன். அது பாசம் என்றார் தலைவர். அந்த வளைவில் யாருக்குத்தான் என்ன பிடிக்கவில்லை என்று கேட்டேன். எல்லோரும் யோசித்தார்கள்.

"ஒண்ணு இருக்கு" என்றார் டீச்சர். "தள்ளும்போது பின்னாடியிருந்து 'அம்மாடி'ன்னு ஒரு முனகல் சத்தம் வருது. கூட்டல் தப்பிப் போகுது."

"ஆமா ஆமா, எனக்கும் அது ஒரு மாதிரியா இருக்கும்" என்றார் தலைவர்.

மச்சினனைப் பார்த்தோம். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "எதுவா இருந்தாலும் சரிங்க. இரண்டாவது வளைவுன்னு ஒரு வார்த்தை இருந்தா, வந்து பாப்பாங்க. பாத்தா பெல்ட் கண்ணுல பட்டுடும்" என்றான்.

அன்று மாலையே பேரவை ஊர்வலமாகப் புகார்ப் பிரிவுக்குப் போனது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை; கீலுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா, "புகாரா? நிஜமாவா?" என்று கண் கலங்கினார். "சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறேன்னு வீட்ல கேலி பண்றாங்க சார். நல்லா இருப்பீங்க." மேனேஜரே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, எங்கள் கையைக் குலுக்கினார்.

ஒரு புகாருக்கு இத்தனை வேகமாக நடவடிக்கை எடுக்கும் நிர்வாகத்தை நீங்கள் எங்கே தேடினாலும் பார்க்க முடியாது. மறுநாள் காலையிலேயே முடித்துவிட்டார்கள். முனகல் அடியோடு நீக்கப்பட்டது. முனகியவனும்தான். பெல்ட் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. செயலாளர் வெட்கப்படலாமா என்பது பற்றி எங்கள் விதிகளில் ஒன்றும் இல்லை. மனைவி அதிகம் பேசவில்லை. "கட்டில் என் தம்பிக்கு. நீங்க தரையில படுத்து ரசிங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு ரயில் வழக்கம்போல வளைவில் நின்றது. யாரும் வரவில்லை. டீச்சர் பேப்பர் கட்டைத் திருத்தி முடித்து, திருத்தியதையே மறுபடியும் திருத்தினார். கடைசியில் நாங்களே இறங்கி, ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டுத் தள்ளினோம். தள்ளும்போது தலைவர் 'அம்மாடி' என்றார். உறுப்பினர் என்பதால் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டோம்.

இவ்வளவு சேவை செய்தவனைச் சும்மா அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. கிளினிக்கில் மச்சினனுக்கு ஒரு 'பிரிவு உபசார விழா' எடுத்தோம். அவனைப் பல் நாற்காலியில் படுக்க வைத்துவிட்டு, அவன் முதுகின் பெருமையை ஆளுக்கொரு பக்கமாக எடுத்துப் பேசினோம். "அந்த முதுகு இல்லேன்னா இந்தப் பேரவையே இல்லை!" என்றார் தலைவர். கைதட்டல் அடங்கவே இல்லை. கன்னம் வீங்கியவர்கள்கூடத் தட்டினார்கள். எனக்கு உள்ளங்கை சிவந்து எரிந்தது.

மச்சினன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"கை வலிக்குதா அத்தான்?"

"கொஞ்சம் வலிக்குதுப்பா."

"ஒரு புகார் குடுங்க. மறுநாளே கையை எடுத்துடுவாங்க."

என்ன அருமையான ஏற்புரை! எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதலில் தட்டியவன் நான்தான்.