கழுத்து நேராகும் வரை வாய்தா

குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் வழக்கு சீக்கிரம் முடியவேண்டும் என்றுதான் சாமி கும்பிடுவார்கள். முடிந்துவிடக் கூடாதே என்று கும்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். தென்காசி நீதிமன்றத்தில் அவருக்குப் பெயர் வாய்தா அண்ணாச்சி.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். ஒரு சாரல் நாளில், ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குத் தேய்த்து முடித்துக் கடைசியாகக் கழுத்தில் சொடக்கு எடுத்தார். சொடக்கு வந்தது. கழுத்துதான் திரும்பி வரவில்லை, இடப்பக்கமே நின்றுவிட்டது. கடைக்காரர் அந்தக் கோலத்திலேயே காவல் நிலையத்துக்குப் போய், எதிரே இருந்த ஏட்டையாவைப் பார்க்க முடியாமல் சுவரிடம் புகார் சொன்னாராம்.

இலவச சட்ட உதவியில் வழக்கு என்னிடம் வந்தது. எனக்கு அதுதான் முதல் வழக்கு. இலஞ்சியில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பால் குடித்ததா, அழுகிறதா, கட்டிலில் இருந்து உருண்டிருக்குமா என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். எதுவும் சீக்கிரம் முடிந்தால் தேவலை.

"அண்ணாச்சி, விரைவா விசாரிக்கணும்னு கேக்கது உங்க உரிமை" என்று முதல் நாள் நீதிமன்றத்தில் வைத்துச் சொன்னேன்.

"சரி வக்கீலம்மா. அது வேண்டாம்னா யார்ட்ட சொல்லணும்?"

"வேண்டாமா?"

"தீர்ப்பு வந்துட்டா எனக்கு முடிஞ்சிரும். அந்த மனுசன் கழுத்து? நான் திருப்புனத நான்லா நேராக்கணும்! அதுவரைக்கும் வேற எவன் கழுத்தையும் தொடமாட்டேன். இப்ப முதுகும் காலும்தான் தேய்க்கேன்."

"அதுக்கு எதுக்கு வாய்தா? அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்களேன்."

பக்கத்தில் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்த கடைக்காரர் பதறினார். "வீட்டுக்கா? போலீஸ் நிக்கிற இடத்துலதான் நான் கழுத்தக் குடுப்பேன்!"

ஆக, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் வைத்தியம் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் முக்கிய சாட்சியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருடைய வக்கீலான நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சாட்சியைக் கலைத்ததாக என் பட்டத்தையே பிடுங்கிவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். கிண்ணத்தைக் கீழே வைப்பேன். எறும்பு வருமே என்று மறுபடி எடுப்பேன்.

உள்ளே கூப்பிட்டால் அண்ணாச்சியே எழுந்துவிடுவார். "அம்மா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"என்ன பாக்கி?" என்பார் நடுவர் அம்மா.

"கழுத்துதாம்மா."

ஆனால் கழுத்து நகர்ந்தது. ஜன்னலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அடுத்து தட்டச்சர் தெரிந்தார். பிறகு கடிகாரம் தெரிந்தது. அரசு வழக்கறிஞர் தெரிந்த அன்று, அந்த வழக்கறிஞரே எழுந்து வந்து கடைக்காரரிடம் கைகுலுக்கினார்.

அன்றைக்குத்தான் நடுவர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வழக்கு பழசாகிட்டே போகுது. இனி வாய்தா கிடையாது. அடுத்த முறை விசாரணை."

அடுத்த முறை வந்தது. மரத்தடியில் கடைக்காரர் பின்வாங்கினார். "அரசு வக்கீல் வரைக்கும் தெரியுதே, போதும்யா! இதையும் கெடுத்துராதீங்க."

"எனக்குப் போதாது முதலாளி" என்றார் அண்ணாச்சி. எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு முன் அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. "இன்னைக்கு விட்டா இந்தக் கைக்கு எப்பவும் பயம்தான்."

கடைக்காரர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சொடக்!

அலறல் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். எதிரே நின்ற என்னைக் கடைக்காரர் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீங்கதானா அந்த வக்கீலு? இம்புட்டுச் சின்னப் பிள்ளையா!"

அண்ணாச்சி வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே போனதும் கடைக்காரர் நடுவர் அம்மாவை முதன்முறையாகப் பார்த்துக் கும்பிட்டு, சமாதானமாகப் போகிறேன் என்றார். வழக்கு முடிந்தது.

வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னையும் விடவில்லை. "தாயி, பிள்ளையத் தூக்கித் தூக்கி உங்களுக்கும் கழுத்து ஒரு பக்கமாச் சாயுது. செத்த இங்கன உக்காருங்க, ஒரே ஒரு சொடக்கு."

பால் நேரம் என்று சொல்லி ஓடியே வந்துவிட்டேன்.

இப்போதும் தினமும் அந்த வளாகத்தைக் கடந்துதான் போகிறேன். வேப்பமரம் வந்தால் போதும், யாரும் தொடாமலே என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.