கல்லறை பதினான்கின் முன் ஒப்பாரி வைத்த அத்தைக்கு

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய தியமாந்தோ அத்தைக்கு, உங்கள் கையை முத்தமிட்டு அசிமினா எழுதுவது.

முதலில், கடிதம் என்று ஒன்றை எழுதுவதற்கே நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தைக்கு இந்தக் காலத்தில் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் தொலைபேசியில் நான் மூச்சை இழுத்துப் பேச ஆரம்பிப்பதற்குள் நீங்கள் "சரி கண்ணு, ஆடு கத்துது" என்று வைத்துவிடுகிறீர்கள். நேரில் வந்தாலோ தட்டு நிறையப் பன்றித் தொத்திறைச்சியைப் போட்டு வாயை அடைத்துவிடுகிறீர்கள். ஆகவே காகிதம். இதைப் பாதிரியார் மனைவியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். அவரும் இதில் வருகிறார்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புதிதாக ஈன்ற ஆடு குட்டியைச் சேர்த்துக்கொண்டதா? எண்ணெய் ஆட்டி முடிந்ததா? அங்கே எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலமாக இல்லை. காரணம் நீங்கள்.

அத்தை, இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் நீங்கள் எப்படிச் சொல்லிவைத்திருக்கிறீர்களோ தெரியாது. நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "தொடாதீர்கள்" என்று சொல்கிறவள். என் குரலில் அதைச் சொன்னால் யாருக்கும் கேட்பதில்லை என்பதால் கையை ஆட்டிக் காட்டுகிறவள். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று என் படத்தைப் புனிதர்களின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறீர்கள், சரி. ஆனால் நான் படித்தது தொல்லியல் என்று தெரிந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரும் என்னை ஆலிவ் பறிக்கக்கூடக் கூப்பிடுவதில்லை. எந்த மரத்தடியில் எந்தப் பழைய கல்லைப் பார்த்துவிட்டு அரசாங்கத்துக்குச் சொல்லி நிலத்தை முடக்கிவிடுவேனோ என்று அவர்களுக்குப் பயம். அப்பாவே கிணறு தோண்டியபோது என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டார். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு நான் இங்கே காத்துக்கிடந்தது ஒரே ஒரு வேலைக்காக. வழிகாட்டி வேலை. வெளியே இடிந்து கிடக்கிற அரங்கத்தின் படிகளிலிருந்து ஆட்களை உள்ளே கூட்டிவந்து, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நிறுத்தி, இது என்ன, யார் வைத்திருந்தார்கள் என்று சொல்கிற வேலை. எங்கள் தலைமை அதிகாரி திருமதி மெலிசினூ கடைசியில் ஒருநாள் மனம் இரங்கினார். "சனிக்கிழமை ஏதோ கிராமத்துப் பொம்பளைங்க வர்றாங்களாம். நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு. நான் பின்னால நின்னு கேக்கறேன். நல்லாப் பேசினா அந்த வேலை உனக்குத்தான்" என்றார். எந்தக் கிராமம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன்.

சனிக்கிழமை காலை பேருந்திலிருந்து முதலில் இறங்கியது ஓர் எண்ணெய்த் தகரம். அதன் பின்னால் நீங்கள்.

மடத்துக்குப் போய்விட்டு வருகிற வழியில் அண்ணன் மகளைப் பார்க்க நினைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிறையக் கறுப்பு உடுத்திய பெண்களைக் கூட்டிவந்ததும் தப்பில்லை. ஆனால் இறங்கிய வேகத்தில் நேராகத் திருமதி மெலிசினூவிடம் போய், "நீங்கதான் பெரிய மேடமா? இந்தாங்க, நம்ம தோட்டத்து எண்ணெய். எங்க புள்ளைக்கு வேலைய நிரந்தரமாக்கிக் குடுத்துருங்க" என்று ஏன் சொன்னீர்கள்? "இதெல்லாம் நான் வாங்கக்கூடாதும்மா" என்று அவர் பின்வாங்கினார். "காசா குடுத்தேன், எண்ணெய்தானே. சரி, யாரும் பாக்காதப்ப எடுத்துக்கங்க" என்று சொல்லி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தகரத்தைச் சீட்டு மேசைக்கு அடியில் காலால் தள்ளினீர்கள். அதோடாவது விட்டீர்களா? "நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கல மேடம் இவ. ஊமைன்னு நெனச்சு எந்தெந்தக் கோயிலுக்கெல்லாம் மெழுகுவத்தி நேர்ந்தோம் தெரியுமா? இப்பப் பாருங்க, பேசற வேலைக்கே வந்துட்டா." நான் பழகிவைத்திருந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, கையை ஆட்டி எல்லாரையும் உள்ளே கூட்டிப்போனேன்.

முதல் அறையில் தாடி வைத்த அந்தப் பெரிய சிலை. நான் வாயைத் திறப்பதற்குள் பாதிரியார் மனைவி சிலுவைக் குறி போட்டுவிட்டார். "இது எந்தப் புனிதர், கண்ணு?" என்று கேட்டார். பழங்காலத்தில் நோய் தீர்த்த அஸ்கிளேபியோஸ் என்றேன். "எந்த நோய்க்கு?" என்றார். "எல்லா நோய்க்கும்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் கூட்டம் முழுவதற்கும் கேட்டது அந்த இரண்டு சொற்கள் மட்டும்தான். எல்லாரும் வரிசையில் நின்று கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தீர்கள். புனிதர் இல்லை, கிறிஸ்துவுக்கு முந்தின கடவுள் என்று நான் சொல்லி முடித்தபோது பாதிரியார் மனைவி தலைத்துணியின் நுனியால் உதட்டைத் தேய்த்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று என்மேல் பாய்ந்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "குடுத்த முத்தத்தத் திருப்பியா வாங்க முடியும்? முழங்காலுக்கு நல்லதுன்னா எவனா இருந்தா என்ன." பின்னால் திருமதி மெலிசினூ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கோபத்தை அடக்கும்போதுதான் அப்படிச் செய்வார்.

பிறகு அந்த அறை. கல்லறை பதினான்கு. மண்ணிலிருந்து எடுத்தபடியே எலும்புக்கூடாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசத்தான் நான் அதிகம் பழகியிருந்தேன். "இவள் இறந்தபோது முப்பது வயதுக்குள் இருக்கும்" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

"யாருடி இவளக் கழுவுனா?" என்றீர்கள்.

"யாரும் கழுவல அத்த. கழுவக்கூடாது."

"கழுவக்கூடாதா? தோண்டி எடுத்தவளுக்கு ஒயின் ஊத்திக் கழுவக்கூட ஒரு நாதி இல்லியா?"

நம் ஊரில் புதைத்தவர்களைச் சில வருடம் கழித்து எடுத்து, எலும்பை ஒயினில் கழுவி, வெயிலில் உலர்த்திப் பெட்டியில் அடுக்குவது எனக்குத் தெரியாதா அத்தை? தாத்தாவின் மண்டையோட்டை நீங்கள் மடியில் வைத்துக் கழுவியபோது துண்டு பிடித்துக்கொண்டு நின்றது நான்தானே? ஆனால் இது அருங்காட்சியகம். அதை உங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட மதிக்கவில்லை. எல்லாரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, எலும்பின் நிறத்தைப் பார்த்து அவள் குணத்தை அலச ஆரம்பித்துவிட்டீர்கள்.

"நெஞ்செலும்பு மெழுகாட்டம் மஞ்சளா இருக்கு. நல்லவ."

"மண்ட கறுத்திருக்கே."

"மாமியாகூட இருந்திருப்பா. கறுக்காம என்ன செய்யும்."

அது மண்ணிலுள்ள தாதுவால் வந்த நிறம் என்று நான் சொன்னேன். காற்றுக்குத்தான் சொன்னேன். அதற்குள் நீங்கள் அவள் பெயரைக் கேட்டீர்கள். நான் பலகையைக் காட்டினேன். "பதினாலு ஒரு பேரா?" என்றீர்கள். "என் ஆட்டுக்கெல்லாம் பேரு இருக்கு." பாதிரியார் மனைவி உங்கள் கையைப் பிடித்து, "ஞானஸ்நானம் வாங்காதவளுக்குச் செபம் கிடையாது, தியமாந்தோ" என்றார். "கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னாடி செத்தது அவ குத்தமா? பனோரியான்னு வெச்சுட்டேன். போ" என்று கையை உதறினீர்கள். மடத்தில் வாங்கிய மெழுகுவத்திகளைக் கொளுத்திப் பெட்டியின் மேல் ஒட்டவைத்தீர்கள். பெட்டியைத் திறக்க முடியாது என்று நான் கெஞ்சியதற்கு, "மேல ஊத்துனாலும் அவளுக்குப் போய்ச் சேரும்" என்று மடத்து ஒயினைக் கண்ணாடி மேலேயே ஊற்றினீர்கள். அது தரையில் ஓடி, அங்கே நின்ற ஜெர்மன்காரர் ஒருவரின் வெள்ளைக் காலணியை நனைத்தது. அவர் நன்றி சொன்னார். புகை பட்டு எச்சரிக்கை மணி அலறியது. மற்ற மனிதர்கள் என்றால் வெளியே ஓடுவார்கள். நீங்கள் தலைத்துணியை அவிழ்த்துக் கூந்தலை உதறி, மணியின் சுருதியிலேயே ஆரம்பித்தீர்கள்:

மண்ணு போர்த்திக் கிடந்தவளே பனோரியா, உன்னை
மாக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள பூட்டினதாரு?
நீலச் சட்டை போட்ட ஒரு மகராசி
நித்தம் உன்ன வெளக்குப் போட்டுக் காட்டுறாளே

அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செத்தவளுக்குக் கெடுதல் செய்தவரை ஒப்பாரியிலேயே வைத்து வாங்குவது நம் பக்கத்து வழக்கம்தான். ஏதென்சிலிருந்து வந்த மேடத்துக்கு அது தெரியுமா? ஆனால் அதையும் நான் பொறுத்திருப்பேன். அடுத்து வந்ததைத்தான் பொறுக்க மாட்டேன்.

படிச்ச புள்ள பக்கத்துல நிக்குதடி, அது
பல்லக் கடிச்சு நிக்குதடி, பேசலையே

கூட இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து "பேசலையே, பேசலையே" என்று திருப்பிப் பாடினார்கள். நான் பேச வந்தவள், அத்தை. அந்த அறையில் அன்றைக்குப் பேசுவதற்கென்றே நின்ற ஒரே ஆள் நான். இடம் விட்டால்தானே? தீயணைப்புக்காரர்கள் தண்ணீர்க் குழாயோடு உள்ளே ஓடிவந்து, உங்கள் குரலைக் கேட்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் நம் பக்கத்துப் பையன்கள். அதில் ஒருவன் என் காதருகே குனிந்து, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டான். நான் கல்லறை பதினான்கு என்று பதில் சொன்னேன். அன்றைக்கு என் நிலைமை அது.

நீங்கள் பேருந்தில் ஏறி, சன்னல் வழியாக எனக்கு ஆசீர்வாதமும் வறுத்த மாவுப் பலகாரமும் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் ஒயினைத் துடைத்தேன், மெழுகைச் சுரண்டினேன், பிறகு திருமதி மெலிசினூவின் அறைக்குப் போனேன். அவர் கத்தவில்லை. "இந்த மாதிரி ஜனங்கள உள்ள விட்டது என் தப்பு" என்றார். பிறகு ஒரு தாளைத் தட்டச்சு செய்து நீட்டினார். படிப்பறிவில்லாத காரணத்தால் அரசு உடைமையை அவமதித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று அதில் இருக்கிறது. கீழே நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், பக்கத்தில் சாட்சியாக நான். அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமை அது அவர் மேசையில் இருந்தால், நடந்தது எதுவும் நடக்கவில்லை, வழிகாட்டி வேலை எனக்கு. இல்லையென்றால் பருவம் முடிந்ததும் மூலை நாற்காலியும் கிடையாது.

நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். வேலித் தகராறில் உங்கள் தம்பி முறைக்காரரிடம் ஒரு வார்த்தை தணிந்து பேசுவதற்குப் பதிலாக, மலையைச் சுற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போகப் புதுப் பாதையே வெட்டிக்கொண்டவர் நீங்கள். ஆனாலும் இந்த ஒருமுறை, உங்களால் எனக்குப் போன வேலையை உங்கள் ஒரு கையெழுத்தால் திருப்பித் தாருங்கள். தாள் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது; பேருந்து ஓட்டுநரிடமே கொடுத்தனுப்புங்கள்.

என் கோபம் தணியவில்லை. தணிந்ததாக நினைத்துக்கொண்டு பாலாடைக்கட்டி அனுப்ப வேண்டாம். உங்களுக்கும் உங்கள் கூரைக்குக் கீழே உள்ள மனிதருக்கும் ஆட்டுக்கும் தேவன் நல்ல மழையையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். பாதிரியார் மனைவியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கையை மறுபடியும் முத்தமிடும்
அசிமினா

பின்குறிப்பு: உறைக்குள் அந்தத் தாளைத் தேடாதீர்கள். வைக்கவில்லை. மடிக்கும்போது "படிப்பறிவில்லாத" என்ற சொல் என் கண்ணெதிரே வந்தது. அதற்குப் பக்கத்தில் சாட்சி என்று என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தத் திங்கட்கிழமை மேடத்திடம் "மாட்டேன்" என்று சொல்லப் போகிறேன். இப்போது அந்த ஒரு சொல்லைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மேடம் ஒரு முடிவு எடுத்தார். அந்தப் பெட்டியில் வெள்ளிக் காசுகளை வைக்கப் போகிறார்களாம். அவளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அடித்தளக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். "பனோரியாவக் கீழ எறக்கிருங்க" என்று மேடமே சொல்லிவிட்டு, உடனே "கல்லறை பதினாலை" என்று திருத்திக்கொண்டார். கூட்டிப் பெருக்குகிற அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சிலுவைக் குறி போடுகிறார். இறக்குகிற வேலை எனக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், மேடம் ஏதென்சுக்குக் கிளம்பிய பிறகு.

அவளுடைய இடது கை ஒருமுறை முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது, அத்தை. முறிந்த பிறகும் அந்தக் கையால் நிறைய நாள் பளு தூக்கியிருக்கிறாள், எலும்பில் தெரிகிறது. குறைந்தது ஒரு பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. இதெல்லாம் அன்றைக்குச் சொல்ல இருந்தேன்.

பின்வாசலைத் திறந்து வைக்கிறேன். கூட்டம் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். மெழுகுவத்தி கூடாது. எலும்பின் மேல் ஒயின் ஊற்ற விடமாட்டேன், அது என் தொழில். தொட வேண்டும் என்றால் கையுறை தருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள், மேடத்தை வேண்டுமானாலும் திட்டிப் பாடுங்கள். அதற்கு முன்னால் என்னைக் கொஞ்சம் பேச விடுங்கள். அவளைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்.