கன்ட்ரோல் பாயின் இடது கை

நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்கள் எத்தனையோ பேர். சிந்தாமல், ஒரு சொட்டு வீணாக்காமல், குழாயில் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் கன்ட்ரோல் பாய் ஒருவர்தான்.

வேலூரில், உடம்பு நோயை எப்படி எதிர்க்கிறது என்று ஆராயும் அரசு ஆய்வகத்தில் நான் ஸ்டோர் கிளார்க். பாய் அங்கே ஜெனரேட்டர் ஆபரேட்டர். ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்குப் பெயர் கன்ட்ரோல். அதற்கு ஒருமுறை இடது கையை நீட்டிய பாய், பிறகு மடக்கவே இல்லை.

அந்தக் கையில் டீசல் கேன் தூக்க மாட்டார். பஸ்ஸில் கம்பி பிடிக்க மாட்டார். கொசு உட்கார்ந்தால், "டேய், இது கவர்மெண்ட் ரத்தம்டா!" என்று ஆபீசே அதிர ஓர் அடி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைத்த வலீமா விருந்தில்கூட, மறுநாள் ரத்தம் கொடுக்க வேண்டுமென்று பிரியாணியைத் தொடாமல் தயிர்சோறு சாப்பிட்டார். அதுவும் ஆம்பூரில்!

"இன்னா பாய், எங்க பிரியாணில இன்னா கொறை?" சம்பந்திக்கு முகம் கறுத்துவிட்டது.

"கொறையே இல்ல சம்பந்தி. நாளைக்கு என் ரத்தம் மிஷின்ல ஏறுது."

அவர் ரிட்டயராக ஒரு மாதம் இருந்தது. ஓயாமல் காய்ச்சலில் விழும் ஒரு குழந்தையின் ரத்தம் குடியாத்தத்திலிருந்து வந்தது. செல்கள் உயிரோடு இருக்கும்போதே, அன்றைக்கே பார்த்தாக வேண்டும். பாய்க்கு இது கடைசி கன்ட்ரோல். அத்தர் பூசிக்கொண்டு வந்து, ஆராய்ச்சியை நடத்தும் மேடத்திடம் கையை நீட்டினார்.

"மேடம், இன்னிக்கு ஸ்பெஷல் ரத்தம். போன வாரமே ஃப்ளூ ஊசி போட்டுக்கினு ரெடியா வந்திருக்கேன்!"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒப்பிடச் சும்மா இருக்கும் உடம்பு வேண்டும். ஊசி போட்ட உடம்பு உள்ளே சண்டைக்குக் கிளம்பியிருக்கும்.

"நான் கெடுத்துட்டேனா மேடம்?" பாயின் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

உடனே வேறொருவர் ரத்தம் வேண்டும்; எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊசியைக் கண்டால் நான் தெருமுனை வரை ஓடுகிற ஆள். பாய் என் தலையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "குடு தோஸ்த். வலிச்சா என்னைத் திட்டு." திட்டினேன். குழந்தையின் சோதனை கெடாமல் நடந்தது.

பாயின் வாடிய முகத்தைப் பார்த்து, மேடம் அவர் ரத்தத்தையும் கொஞ்சம் எடுத்து மிஷினில் ஏற்றினார். திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். என் ரத்தத்தில் காலியாகக் கிடந்த ஒரு மூலையில், பாய்க்குப் புள்ளிகள் மொய்த்தன.

"இவங்கல்லாம் உங்க ஊசிக்காகப் புதுசா கெளம்பினவங்க பாய்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "சுபானல்லா! நான் பாட்டுக்கு டீ குடிச்சிக்கினு உக்காந்திருந்தேனே, இவங்கள யாரு கூப்ட்டா?"

மேடம் சிரித்துக்கொண்டே திரையை அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தார். நான் என் இடது கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது கன்ட்ரோல் நான். ரத்தம் கொடுக்கும் நாள் காலையில் ஆம்பூரிலிருந்து தவறாமல் போன் வரும். "நல்லா தூங்கினியா தோஸ்த்? ஊசி கீசி போட்டுக்கலையே?" பயம் இன்னும் போகவில்லை, அவரை நினைத்துக்கொண்டு கையை நீட்டிவிடுகிறேன். காய்கறிப் பையை மட்டும் இடது கையில் தூக்குவதில்லை.