பிரசவ ஆஸ்பத்திரிக்கு நான் போய்வந்த விவரம்

அஞ்செட்டி,
ஞாயிற்றுக்கிழமை

ஆனேக்கல்லில் இருக்கும் அன்பு அக்கா செல்வம்மாளுக்கு, தம்பி சென்னகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே ஆடுமாடு உட்பட எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே மாமாவும், மருமகன் ஹரீஷ்குமாரும், உன் முட்டிவலியும் எப்படி என்று அறிய ஆசை. போனில் சொல்லியிருப்பேன்; ஆனால் மாமா எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார், இதுவோ தெருவுக்குக் கேட்கக்கூடாத சங்கதி.

நம் பெண் சுஜாதாவை ஓசூரில் பிரசவ ஆஸ்பத்திரியில் பார்த்ததாக உன் காதுக்கும் வந்திருக்கும். என்னிடம் சொன்னவன் அவள் கம்பெனி வேன் ஓட்டும் எல்லப்பன். பெண் நன்றாகத்தான் இருந்தாள், லேடி டாக்டர் அறைக்குள் போனாள் என்று சொல்லிவிட்டு, டீயை ஊதிக் குடித்தான் பாவி. ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிற, கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? அதுவும் தை மாதம் உன் மகன் ஹரீஷ்குமாருக்கே கொடுப்பதாக வாய்வார்த்தை பேசி வைத்திருக்கிற பெண்ணுக்கு? மாட்டைக்கூடக் கட்டாமல் பஸ் ஏறினேன், தேன்கனிக்கோட்டையில் வண்டி மாறினேன், பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் டிக்கெட் எடுக்க வேண்டும், கொஞ்சம் பிடியுங்கள் என்று கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள், அது என்னைத் தாத்தாவைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில், "பொண்ணோட அப்பா வந்திருக்கேன்" என்றேன். காவலாளி, உங்களுக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். எல்லோரும் என்றால் எத்தனை பேருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு வியர்த்தது. அங்கே ஒரு கூடம் நிறைய இளவயது டாக்டர்கள். நடுவில் சுஜாதா. அவளுக்கு எதிரே பெங்களூரிலிருந்து வந்த ஒரு சின்ன டாக்டர். என்னைப் பார்த்ததும் அவள் வாய் திறக்கப் போனாள். அதற்குள் அவர் அவளிடம் பேர் கேட்டுவிட்டார். "சென்னம்மா" என்றாள். பெற்ற மகள் பேரை மறைக்கிறாள் என்றதும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. பதினைந்து நாளாகத் தூரம் நிற்கவில்லை என்றாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் புதுசு, நம் பக்கத்துப் பெண்கள் மாதவிலக்கைத் தூரம் என்று சொல்வது அவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு தூரம், பஸ் எங்கே நிற்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். கூடமே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார். "பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப என்னாங்க ரகசியம்? என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றேன். ரூபா என்ற பெரிய டாக்டரம்மா என்னைக் காட்டி, அப்பாக்கள் இப்படித்தான் வருவார்கள், இவர் மனம் நோகாமல் எப்படி வெளியே அனுப்புவீர்கள் என்று கேட்டார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

அப்போதுதான் சுஜாதா, "மேடம், இவரு நெசமாவே எங்கப்பா" என்றாள்.

விஷயம் இதுதான் அக்கா. மலையிலிருந்தும் கிராமத்திலிருந்தும் கம்பெனிக்கு வரும் பெண்களிடம் எப்படிப் பேசிக் கேட்பது என்று டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம் பெண் அதில் நோயாளியாக நடிக்க வந்தவள். அப்பாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை, நான் போய் மாட்டிக்கொண்டேன். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள், உனக்கு நிஜமாகவே நடந்ததைச் சொல் என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவள் நடிக்காமல் பதில் சொன்னாள்.

"முதல்ல வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்யாணம் ஆவலைன்னா இங்க எதுக்கு வந்தேன்னு வரிசையில நிக்கறவங்களுக்கெல்லாம் கேக்கறாப்ல கேட்டாங்க. எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் எங்கயும் போவலை. கம்பெனியில மயக்கம் போட்டு விழுந்தப்பதான் இந்த மேடம்கிட்ட கொண்டாந்தாங்க."

ரத்தம் பாதிகூட இல்லையாம் அக்கா. மாதக்கணக்காக என் பெண் அப்படி இருந்திருக்கிறாள். ஊருக்கு வந்தபோதெல்லாம், என்ன இப்படி வெளுத்துவிட்டாய், ஏசி காற்றா என்று கேட்டவன் நான். இருபது டாக்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்தச் சின்ன டாக்டர் எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். "அப்பா, மகள்கிட்ட சொல்ப தனியா பேசறேன். அப்புறம் உங்ககிட்டவும் பேசறேன்" என்றார், கொஞ்சம் என்பதற்கு உங்கள் பக்கத்துக் கன்னடத்தில் சொல்ப என்று சொல்லி. நான் எழுந்து வெளியே போனேன். கதவைச் சாத்தினார்கள். நடிப்புதானே என்று தெரிந்தும் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தவளிடம், என்னம்மா பேசினீர்கள் என்று கேட்டேன். அது அவளுக்கும் டாக்டருக்கும் உள்ளது என்றாள். சரி என்று ஆளுக்கொரு பன் வாங்கித் தின்றோம். மாத்திரையில் இப்போது கட்டுக்குள் வந்துவிட்டது, ரத்தமும் ஏறுகிறது.

ஆகவே அக்கா, ஊர் வாயை நம்பாதே. பெண் தங்கம். தை மாதக் கல்யாணத்தில் எந்த மாற்றமும் இல்லை, மாமாவை மண்டபம் பார்க்கச் சொல். பெரியவர்களுக்கு என் கும்பிடு, மருமகனுக்கு ஆசி, உன் முட்டிக்கு நல்லெண்ணெய்.

உன் தம்பி,
சென்னகிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை, லீவுக்கு வந்திருக்கும் சுஜாதாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்து நன்றாக இருக்கிறது, கல்யாண விஷயத்தை மட்டும் அடித்துவிடு என்றாள். வேண்டாம் என்று அவளும் ஹரீஷ்குமாரும் ஆடி மாதமே பேசி முடித்துவிட்டார்களாம். ஆகவே மண்டபம் பார்க்க வேண்டாம். மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டாமல் கேள். உன்னிடம் சொல்ல அவன் வேறொன்றும் வைத்திருக்கிறானாம். என்னவென்று இவளுக்குத் தெரியும். எத்தனை கேட்டும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். தெரிந்ததும் உடனே எழுது, இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.