ஆறாவது இட்லி

பொறாமை கெட்ட குணம் என்று சொல்பவர்களுக்குக் கான்வென்ட்டில் படித்த ஓரகத்தி வாய்த்திருக்க மாட்டாள். எனக்கு வாய்த்தாள். பெயர் வசந்தா, என் கணவரின் அண்ணன் மனைவி.

எழுபதுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் மாமனாருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, கோபாலபுரத்தில் வீடு. பம்பாய் மில்களிலிருந்து டிரங்க் கால் வந்தால் மாமியார், "வசந்தா, நீ பேசு தாயி" என்பார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எஸ், ஸ்பீக்கிங்" என்பாள். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். (அந்தக் கோபத்தில் சிரட்டையும் சேர்ந்து துருவிப் போகும்.)

மயிலாப்பூர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குளத்துக்குப் பக்கத்து மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியார் முதலில் எடுத்தது நிகழ்காலம். அன்றாடம் செய்வதற்கு ஒரு விதம், இந்த நிமிஷம் செய்துகொண்டிருப்பதற்கு வேறு விதம். "ஆத்துல யார் என்ன பண்ணிண்டிருந்தாலும் அதை இங்கிலீஷ்ல சொல்லிண்டே இருங்கோ, தானா வரும்" என்றார். பூனை பால் குடிப்பது, வசந்தா கண்ணாடி பார்ப்பது என்று ஒன்று விடாமல் முணுமுணுத்தேன்.

நிகழ்காலத்தை நான் தாண்டுவதற்குள் பம்பாய் மில் முதலாளி மனைவியோடு வந்துவிட்டார். அவர் சரக்கு எங்கள் கடைக்குக் கிடைக்க வேண்டும் என்று வீடே தவமிருந்தது. அவரை மாமனார் கடைக்கு அழைத்துப் போக, அந்த அம்மாள் மட்டும் பலகாரத்துக்கு உட்கார்ந்தார். தமிழ் தெரியாது. வசந்தாவோ தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வருவதற்குள் மாமியார் காதில் என் இங்கிலீஷ் விழுந்தாக வேண்டும். இன்று விட்டால் ஆயுசுக்கும் எனக்குத் தேங்காய்தான்.

அந்த அம்மாள் நல்ல பூரிப்பான உடம்பு. இட்லி பிடித்துப்போயிற்று. "யூ ஆர் ஈட்டிங் இட்லி" என்றேன். சிரித்துத் தலையாட்டினார். மாமியார் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"நௌ யூ ஆர் ஈட்டிங் தி ஃபோர்த் இட்லி."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நான் கவனிக்கவில்லை.

"நௌ யூ ஆர் ஈட்டிங் தி சிக்ஸ்த் இட்லி." கற்ற இன்னொரு விதத்தை மட்டும் விடுவானேன்? "டூ யூ ஈட் சிக்ஸ் இட்லிஸ் எவ்ரி டே?"

ஒரு பிழை கிடையாது. வாத்தியார் கேட்டிருந்தால் குளிர்ந்துபோயிருப்பார். அந்த அம்மாள் ஆறாவது இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏளா, அவிய ஏன் எந்திரிச்சிட்டாவ? நீ என்னத்தச் சொன்ன?" என்றார் மாமியார்.

தமிழில் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. சாப்பிடுகிறவர் இலையைப் பார்த்தாலே கண் படும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. நான் எண்ணி, உரக்க அறிவித்திருக்கிறேன். தமிழில் என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். இங்கிலீஷில் அது பேச்சாகவே படவில்லை, பாடமாகத்தான் பட்டது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, மாடியைப் பார்த்து வசந்தாவைக் கூப்பிட்டார். ஈரத் தலையோடு வசந்தா ஓடி வந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்து என்னவோ சொன்னாள்; அதில் "லேர்னிங் இங்கிலீஷ்" மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்து, திரும்ப உட்கார்ந்து, ஏழாவதும் கேட்டார். சரக்கு கிடைத்தது. பெயர் வசந்தாவுக்கு. அந்த ஈரத் தலையிலும் அவள் அழகாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றும் எங்கள் வீட்டுப் பந்தியில் யாராவது இரண்டாம் தரம் பாயசம் கேட்டால், பேரன் பேத்திகள் முதற்கொண்டு "யூ ஆர் ஈட்டிங்!" என்று கத்துவார்கள். போன மாதம் வடபழனியில் ஒரு கல்யாணத்திலும் அதே கூத்து. பக்கத்து இலையில் வசந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் பேசியிருப்பேன்! அதுல ஒரு வரியாவது யாருக்காவது ஞாபகம் இருக்கா, சொல்லு?" என்றாள்.

நான் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பாயசம் எனக்கு அப்படி இனித்தது.