உடன்படிக்கைக்கு முன் ஓர் உடைப்பு

மண்டபத்து வாசலில் தண்ணீர் பீறிட்டதைப் பார்த்ததும் குடிநீர் வாரிய இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரி வரும் நேரம். வாரியமும் சாலைத் துறையும் ஒருவரையொருவர் கேட்காமல் ரோட்டில் கை வைக்கக் கூடாது என்ற புதுச் சட்டப்படி, இன்றைக்கு இங்கேதான் ஒப்பந்தம். நேற்றுப் போட்ட ரோட்டை இன்றைக்குத் தோண்டி ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷர், இந்தச் சட்டத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்திருந்தார், பாவம். வாசலில் ‘கூடி உழைப்போம்’ என்ற வரவேற்புப் பலகை நனைந்துபோய்ச் சாய்ந்து நின்றது.

சாலைத் துறை இன்ஜினியரிடம் ஓடினார்.

“சார், வாசல்ல கொஞ்சம் தோண்டிக்கிறேன்.”

“தாராளமா. ஆனா ஒப்பந்தத்துல கையெழுத்து ஆனப்புறம்தானே நான் அனுமதி குடுக்க முடியும்?”

“கையெழுத்து மண்டபத்துல. மண்டபத்துக்குள்ள தண்ணி வருதே!”

“நான் என்ன சார் பண்றது? சட்டம் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்க.”

வாரிய இன்ஜினியர் வால்வை மூடச் சொன்னார். உடைப்பு அடங்கியது. உடனே கைபேசி அலறியது. மனைவி.

“தலை பூரா சோப்பு! குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. உங்க வேலைதானே?”

வீட்டு நிம்மதியை உத்தேசித்து வால்வைப் பாதி திறக்க வைத்தார். தண்ணீர் மறுபடி படியேறியது. சாலைத் துறைக்காரருக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு லாரி மண்ணை வரவழைத்து வாசலில் கொட்டினார். அது அணையாக நின்று, தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரையும் மண்டபத்துக்குள் திருப்பிவிட்டது. முன்வரிசை நாற்காலிகள் மிதக்க ஆரம்பித்தன.

“உங்க ரோலர் ஏறித்தான் சார் குழாய் போச்சு!”

“துருப்பிடிச்ச குழாயைப் புதைச்சிட்டு என் ரோலரைக் குத்தம் சொல்றீங்களா?”

மந்திரியின் உதவியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்பவே அடிச்சுக்கிறீங்க. ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடச் சொல்லட்டுமா?”

வாரியக்காரரின் அத்தனை வருஷ அலைச்சலும் கண்ணெதிரே தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த வாரிய ஃபிட்டருக்குப் பொறுக்கவில்லை.

“ரத்து பண்ணாதீங்கய்யா! காலைல அந்த ‘கூடி உழைப்போம்’ பலகைக்குக் கம்பம் நட்டப்போ, கடப்பாரை எங்களுது, குத்தினது சாலைத் துறை ஆளுங்க. ரெண்டு ஆபீசும் சேர்ந்துதான் குழாயை உடைச்சோம்!”