எல். இருதயநாதன் எழுதாத கட்டுரை

பாலக்கரை, திருச்சி
1938 ஆகஸ்ட் 4

இல்லை மாமா, கட்டுரை தொலையவில்லை. பத்திரமாக இருக்கிறது. தொலைந்தது நான்.

மன்னியுங்கள். மரியாதையை முதலில் எழுதியிருக்க வேண்டும். சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் தாய்மாமன் தைரியராஜ் அவர்களுக்கு, அக்காள் மகள் லூர்துராணி தோத்திரம் சொல்லி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மற்றபடி சேசு மரி சூசை கிருபையால் இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். இனி உண்மை.

"கட்டுரை லைப்ரரியில் அகப்பட்டதா, அத்தாட்சி வாங்கினாயா" என்று கேட்டிருந்தீர்கள். மேட்டுப்பாளையம் பக்கம் வாழைத்தோட்ட முதலாளிகள் நடத்தும் ஆராய்ச்சி நிலையத்துக்கு நான் மனுப் போட்டது உங்களுக்குத் தெரியும். வாழைக்கிழங்கு அழுகலைப் பற்றி நான் எழுதி, லண்டன் பத்திரிகையில் வந்த கட்டுரையை அதில் குறிப்பிட்டிருந்தேன். ஒரு பெண் சொன்னால் போதவில்லை. கட்டுரை இவளுடையதுதான் என்று ஏதாவது ஒரு காலேஜ் லைப்ரரியிலிருந்து எழுதி வாங்கி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் வேலை. அனுப்பாவிட்டால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். முசிறி மாப்பிள்ளையின் போட்டோவை அம்மா ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாற்காலி நன்றாக இருக்கிறது.

போனேன். காலேஜ் லைப்ரரியில் பெண்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அனுமதி. உலகத்தில் எவர் எந்த விஞ்ஞானப் பத்திரிகையில் என்ன எழுதினாலும், எழுதியவர் பெயரை இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கிப் போடும் பெரிய அட்டவணை அங்கே இருக்கிறது. தலையணை கனம். தலையணையின் சுகம் இல்லை. "எல்" என்ற எழுத்தைப் புரட்டினேன். லூர்துராணி இல்லை. லூர் என்று தொடங்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், தவளையின் குடலைப் பற்றி எழுதியவர். ஒருவேளை என்னை இரண்டாக வெட்டியிருப்பார்களோ என்று "ஆர்" எழுத்தில் ராணியைத் தேடினேன். ராவ்கள் இருந்தார்கள். ஏராளமாக. ராணி ஒருத்திகூட இல்லை. மறுபடியும் "எல்". மறுபடியும் தவளை. தன் பெயரைத் தானே தேடுவது விசித்திரமான காரியம் மாமா. கொஞ்ச நேரத்தில், அப்படி ஒருத்தி இருந்தாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் அற்புதசாமி சார் வந்தார். கோவிலில் அப்பாவோடு சேர்ந்து பாட்டுப் பாடுகிறவர். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றும் பாடினாராம்.

"என்னம்மா, ரொம்ப நேரமா புரட்டுறீங்க?"

"என் கட்டுரையைத் தேடறேன் சார். என்னுதுதான்னு ஒரு அத்தாட்சி வேணும்."

"உங்க கட்டுரையா!" மண்ணில் சோறு சமைத்த குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தார். "எதைப் பத்தி?"

"வாழைக்கிழங்கு அழுகல்."

அவர் என் பெயரைத் தேடவில்லை. அட்டவணையின் பின்பக்கம் பொருள்வாரியாக இருந்த பகுதியில் வாழையைத் தேடினார். உடனே அகப்பட்டது. வாழைக்கு இனிஷியல் கிடையாது. விரலை வரியில் வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு லைப்ரரியில் பேசக்கூடாத குரலில், "அடேயப்பா! நம்ம இருதயநாதன்!" என்றார்.

பார்த்தேன். என் தலைப்பு. என் வருஷம். என் பக்க எண். அதற்கு முன்னால்: இருதயநாதன், எல்.

மாமா, இதில் உங்கள் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ. லூர்துராணி என்று எல்லோரையும்போல் கையெழுத்துப் போட்டுத்தான் கட்டுரையை அனுப்ப இருந்தேன். "வெள்ளைக்காரனுக்கு இனிஷியல் பிடிக்காது, முழுப்பெயரும் எழுது, அப்பா பெயரைப் பின்னால் போடு, அதுதான் அங்கே மரியாதை" என்று எழுதியவர் நீங்கள். போட்டேன். லூர்துராணி இருதயநாதன். அங்கே கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். குடும்பப் பெயர்தான் அட்டவணையில் ஏறும். முன்னால் நிற்பது சுருங்கி ஓர் எழுத்தாகும். இருபத்துநாலு வருஷம் அப்பா என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக அடக்கமாக நின்றார். ஒரு கப்பல் பிரயாணத்தில் நான் அவருக்கு ஓர் எழுத்தாகிவிட்டேன். அதுவாவது போகட்டும். என் தாத்தா பெயர் வேறு ஏதாவதாக இருந்திருக்கக்கூடாதா? சவரிமுத்து, மிக்கேல், கோவிலில் கும்பிட எத்தனை அர்ச்சியசிஷ்டர்கள் இருக்கிறார்கள்! அவர் பெயர் லாசர், அதற்கும் எல்தான். அதனால் அப்பா எல். இருதயநாதன். எங்கள் வாசல் போர்டில் இருக்கும் அதே பெயர், புள்ளிகூட மாறாமல்.

"சார், அது நான்."

"எல். இருதயநாதன் யாரும்மா? உங்க வீட்டு வாசல்ல போர்டு தொங்குதே."

"அது அப்பா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸ்ல வேலை பாக்கறார் சார்!"

"பெரிய மனுஷங்க வெளியே காட்டிக்க மாட்டாங்க. கோரஸ்ல பக்கத்துல நின்னு பாடறேன், எனக்கே ஒரு வார்த்தை சொல்லலையே! அத்தாட்சிதானே? உங்கப்பா பேருக்கு இப்பவே எழுதித் தரேன். உங்க பேருக்கு எப்படி எழுதறது? அட்டவணையில இல்லாததை நான் எழுதினா என் உத்தியோகம் என்ன ஆகும்?"

இரண்டு கோடை, ஜீயபுரம் தோட்டங்களில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்கால் சேற்றில் நின்று, நாறிப்போன கிழங்குகளைத் தோண்டி எடுத்தவள் நான். அப்பாவுக்கு வாழையில் தெரிந்த ஒரே பாகம் இலை. அதுவும் சோறு விழுந்த பிறகு.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் அற்புதசாமி சார் விஷயத்தை உடைத்தார். பாட்டுக்காரர் குரல். பாதி பாலக்கரைக்குக் கேட்டது. அப்பா மறுப்பார் என்று காத்திருந்தேன். முதலில் விழித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, மாமா, நான் என் காதால் கேட்டேன், "ஏதோ... நேரம் கிடைக்கிறப்போ..." என்றார். பங்குச் சாமியார் அவர் தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏன்பா, நீங்க எழுதலைன்னு சொல்லலை?"

"எழுதினேன்னு நான் சொல்லவே இல்லையேம்மா!"

"நேரம் கிடைக்கிறப்போன்னு சொன்னீங்களே."

"நேரம் கிடைக்கிறப்போன்னுதான் சொன்னேன். என்ன பண்றேன்னு சொன்னேனா? அவங்களா ஏதாவது நினைச்சுக்கிட்டா..."

அம்மா உங்கள் அக்காள் அல்லவா? "விடேன்டி, அப்பா பேரு வந்தா என்ன, உன் பேரு வந்தா என்ன, வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றாள். என் வேலையும் வீட்டுக்குள்தான் இருக்கும், அப்படியானால்.

திங்கட்கிழமை காந்தி மார்க்கெட்டிலிருந்து வாழை மொத்த வியாபாரி ஷேக் தாவூது ஒரு தார் பூவனோடு வந்து இறங்கினார். முசிறியிலிருந்து ஜீயபுரம் வரையில் தோட்டம் தோட்டமாகக் கிழங்கு அழுகி அவருக்குச் சரக்கு வருவது நின்றுபோயிருக்கிறது. அது நிஜமான கஷ்டம். அதைப் பார்த்துத்தான் நான் அந்த வேலையையே தொடங்கினேன்.

"மாஷா அல்லா! பெரிய மேதை பக்கத்துத் தெருவுல இருக்கீங்க, நாங்க மெட்ராஸ் பூரா ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். ஐயா, இதுக்கு என்ன வழி? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு எழுந்து, "ஒரு நிமிஷம், தொண்டை வறளுது" என்று சமையலறைக்குள் வந்தார்.

"ராணி, என்ன வழிடி?"

"நான் ஏன் சொல்லணும்?"

"பாவம்டி, அந்த மனுஷன் கண்ணுல தண்ணி நிக்குது."

நின்றது. நானும் பார்த்தேன். அதனால் சொன்னேன்: அழுகின தோட்டத்திலிருந்து பக்கக்கன்று எடுத்து வேறு தோட்டத்தில் நடக்கூடாது, நோய் கன்றோடு போகிறது. அப்பா போனார். "உடம்பு கெட்ட தாய்கிட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா பாய்? கூடாதில்லை? அதேதான். கன்னை வேற இடத்துலேர்ந்து வாங்குங்க" என்று நிதானமாகச் சொன்னார். ஷேக் தாவூது தொடையில் தட்டி, "அடடா, இப்படி எவன் விளக்குவான்!" என்றார். மறுபடியும் தொண்டை வறண்டது. வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கேள்வி. மறுபடியும் சொன்னேன். அவர் புறப்படுவதற்குள் அப்பா ஒரு குடம் தண்ணீர் குடித்திருப்பார். அந்தத் தாய்ப்பால் உவமை என் கட்டுரையில் இல்லை. தப்பாகவும் இல்லை. அதுதான் ஆத்திரம்.

யாரிடம் போவது? என்னோடு படித்த வகுளாவின் தகப்பனார் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். சடகோப அய்யங்கார். ரசாயன வாத்தியார், கட்டுரைகள் எழுதியவர். கொள்ளிடக் காற்றில் வேட்டி படபடக்க வாசலில் நின்றபடியே கேட்டார். சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

"குழந்தே, உன்னையாவது உங்கப்பா பேர்ல தேடலாம். என்னை எங்கே தேடுவாய்? அட்டவணையில அய்யங்கார்னு பாரு. நாலு பக்கம் போறது. கணக்கு, மீன், இரும்பு, இடி மின்னல், எல்லாத்தையும் ஒரே அய்யங்கார் எழுதினாப்போல இருக்கும். அடியேன் அதுக்குள்ளே எங்கேயோ இருக்கேன். எங்கேன்னு பெருமாளுக்குத்தான் தெரியும்."

"நீங்க ஆட்சேபம் எழுதலையா சார்?"

"எழுதினேனே. 'அன்புள்ள அய்யங்கார், உங்கள் மீன் கட்டுரையை மிகவும் ரசித்தோம்'னு பதில் வந்தது."

பிறகு யோசித்து ஒரு வழி சொன்னார். அப்பாவே, "இது நான் எழுதியதல்ல, என் மகள் எழுதியது" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அற்புதசாமி சார் அதை வைத்து அத்தாட்சி தரலாம். இரண்டே வரி. பாலம் தாண்டி வீடு வரும்வரை எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எழுதித் தரேனே! என் பொண்ணுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? ஞாயித்துக்கிழமை மட்டும் போகட்டும்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஷேக் தாவூதும் தோட்டக்காரர்களும் மார்க்கெட்டில் அவருக்கு மாலை போடுகிறார்களாம்.

"போடவேண்டாம்னு சொல்லுங்க."

"மாலைக்குச் சொல்லியாச்சாம்மா. பூக்காரன் பாவம்."

ஷேக் தாவூது பாவம், பூக்காரன் பாவம். இந்த ஊரில் நான் ஒருத்திதான் பாவம் இல்லை. இத்தனைக்கும் அப்பா கெட்டவர் அல்ல. பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் மற்றவர்கள் பெயர் எழுதிய மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர். அது எனக்குப் புரிகிறது. புரிவதனால் கோபம் குறையவில்லை. போக இடம் இல்லாமல் உள்ளேயே சுற்றுகிறது.

ஆகையால் மாமா, நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். உங்கள் அத்தானை உட்காரவைத்து அந்த இரண்டு வரியை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதி வாங்க வேண்டும். அற்புதசாமி சாரிடம் நீங்களே பேச வேண்டும். லண்டனுக்கு எழுதி, என்னை "எல்" எழுத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். தவளைக்குப் பக்கத்திலானாலும் சரி. இது நடக்கும்வரை அப்பாவோடு நான் பேசுவதாக இல்லை. தண்ணீர் கேட்டால் தண்ணீர் மட்டும் கொடுப்பேன்.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. பெரிய நாயகி மாதா உங்கள் எல்லோரையும் காத்து, உங்களுக்கு உடனே லீவும் கிடைக்கச் செய்வாளாக.

உங்கள் அக்காள் மகள்,
ஐ. லூர்துராணி
(எவன் எப்படித் திருப்பிப் போட்டாலும்)

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கடிதம். எனக்கு அல்ல. "திரு. எல். இருதயநாதன் அவர்களுக்கு." அத்தாட்சிக்குக் காத்திராமல் அவர்களே அட்டவணையைப் பார்த்துவிட்டார்களாம்; அதில் இருந்த பெயருக்குப் பத்திரிகைக்காரர்களிடம் விலாசமும் வாங்கிவிட்டார்களாம். லூர்துராணி என்ற பெண் அப்பாவின் கட்டுரையைத் தன்னுடையது என்று சொல்லி மனுப் போட்டதைக் கண்டுபிடித்து, அந்த மனுவைத் தள்ளிவிட்டார்களாம். கட்டுரையை எழுதியவரே வர இசைந்தால் வேலை அவருக்கு. உதவியாளர் வேலை அல்ல, அதற்கு மேற்பட்டது. பதினைந்தாம் தேதி நேரில் வரவும்.

அப்பா வாசித்துவிட்டு வியர்த்துப்போனார்.

"என்னடி இது, வரச் சொல்றான்! போனா கேள்வி கேப்பானே!"

"கேப்பான்."

"அங்கே நீ பக்கத்துல இருப்பியா, சமையல் ரூம்ல?"

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு என் கையில் வைத்தார்.

"இது உனக்கு வந்ததுதான்மா. எழுதினவங்கதானே வரணுமாம்? 'திரு'ன்னு போட்டிருக்கான், அது ஒண்ணுதான் தப்பு. நேர்ல பாத்தா அவனே திருத்திக்குவான்."

அப்பா முதல்முறையாகச் சரியான விஞ்ஞானம் பேசினார் என்று தோன்றியது. கட்டுரை எழுதியவரின் பெயர் அட்டவணைப்படி எல். இருதயநாதன். எழுதியவள் நான். ஆக, நான் யார்?

ஆகையால் மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் வர வேண்டாம். அற்புதசாமி சாரிடம் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை விழட்டும். லண்டனுக்கு ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். அட்டவணை இப்போது இருக்கிறபடியே இருப்பதுதான் நல்லது.

வருகிறேன் என்று பதில் எழுதி, எல். இருதயநாதன் என்று கையெழுத்துப் போட்டேன். தபாலில் சேர்த்தேன். அப்படியே ஜங்ஷனுக்குப் போய், கோயம்புத்தூர் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.